ஆறு கம்பியும் ஒரு நாள் கூலியும்: கிட்டார்காரர் ராசய்யாவைப் பற்றி

போன வருசம் மார்கழிக் கடைசியில, பசறையில இருந்து லுணுகலைக்கு வர்ற பஸ்ஸில, எங்க கூட்டத்தில ஒருத்தன் ஒரு கிட்டார மடியில வச்சுக்கிட்டு வந்தான். கொழும்பில ஒன்றரை வருசம் கடையில நின்று சேர்த்த காசு. பதினெட்டாயிரம் ரூபாய். அதுவும் யாரோ வாசிச்சுப் பழசாக்கின கிட்டார்தான். லயத்து வாசல்ல இறங்கினதும் பிள்ளைங்க ஒரு பக்கம் சூழ்ந்துக்கிச்சு, அம்மா ஒரு பக்கம் "இது சோறு போடுமா?"ன்னு ஆரம்பிச்சிட்டாங்க. அவனோட தாத்தா மட்டும் கிட்ட வந்து கம்பிகள ஒவ்வொன்னா விரலால தட்டிப் பார்த்தார். தாத்தா காமன் கூத்துக்குத் தப்படிக்கிறவர். காது கூர்மை.

"இதத்தானே இளையராசா வாசிச்சது?" என்றார்.

"இல்ல தாத்தா, அவரு ஆர்மோனியம்" என்று நாங்கள் எல்லாரும் ஒரே குரலில் சொன்னோம்.

"ஆர்மோனியம் போட்டோவுக்குடா. சோத்துக்கு இதுதான். றேடியோவில சொன்னாங்க" என்றுவிட்டு தாத்தா போய்விட்டார்.

கலைப்பீடத்தில் மூன்று வருசமாகப் படிக்கிறோம், வாரத்துக்கு ஒரு தடவை "வரலாறு என்பது யாருடையது" என்று விவாதிக்கிறோம், தாத்தாவுக்குத் தெரிந்தது எங்களுக்குத் தெரியவில்லை. வெட்கமாகத்தான் இருந்தது. அந்த வெட்கத்தில் தேடிப் படித்ததுதான் இந்தக் கட்டுரை. தாத்தா சொன்னது சரி. இளையராஜா சென்னையில் எட்டு வருசம் கிட்டார்காரராக வாழ்ந்தார். அவரைப் பற்றி எழுதுகிற எல்லாரும் அந்த எட்டு வருசத்தை ஒரு வரியில் தாண்டிப் போகிறார்கள். பண்ணைப்புரம், அண்ணன், மெட்ராஸ், அப்புறம் 'அன்னக்கிளி', அப்புறம் கடவுள். இடையில ஒரு மனுசன் நாள் கூலிக்கு வாசிச்ச கதை யாருக்கும் தேவைப்படல.

எங்களுக்குத் தேவைப்படுது. ஏன் என்பதை அப்புறம் சொல்கிறோம்.

முதலில் மலை. பண்ணைப்புரம் இன்றைய தேனி மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இருக்கிற ஊர். மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்து ஏலம், தேயிலைத் தோட்டங்கள். 1943 ஜூனில் அங்கே பிறந்த பையனுக்கு ஞானதேசிகன் என்று பெயர். வீட்டில் ராசய்யா. அப்பா ராமசாமி, அம்மா சின்னத்தாய். அண்ணன் பாவலர் வரதராஜன் கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளில் பாடுகிறவர். அண்ணனுடைய ஆர்மோனியத்தைத் தொடக்கூடாது என்று வீட்டில் கண்டிப்பு. தொட்டு வாசித்து அடி வாங்கியதை ராஜாவே பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். பதினான்கு வயதில் அண்ணனுடைய குழுவில் சேர்ந்தார். குரல் உடைவதற்கு முன் பெண் குரல் பாட்டெல்லாம் அவருக்குத்தான். குரல் உடைந்த பிறகு ஆர்மோனியம் கைக்கு வந்தது.

அந்தக் குழுவுடைய ஆரம்பகால மேடைகளில் ஒன்று 1958-இல் தேவிகுளம் இடைத்தேர்தல். லுணுகலையில் இருந்து இதைப் படிக்கிறவர்கள் கொஞ்சம் நிற்க வேண்டிய இடம் இது. தேவிகுளம் என்றால் மூணாறு. மூணாறு என்றால் தேயிலை. அங்கே கொழுந்து பறித்தவர்கள் தமிழர்கள், எங்கள் கொள்ளுத்தாத்தாக்களைக் கூட்டிவந்த மாதிரியே கங்காணிமார் கூட்டிப்போன சனம். அதே லயம், அதே பிரட்டு, அதே துரை. கேரளத்தில் ஈ.எம்.எஸ். தலைமையில் முதல் கம்யூனிஸ்ட் அரசாங்கம் வந்து ஒரு வருசம்தான் ஆகியிருந்தது. கட்சியின் வேட்பாளர் ரோசம்மா புன்னூஸ். 1957-இல் அவர் வென்ற தேர்தல் செல்லாது என்று ஆகி, மறுபடி ஓட்டுக் கேட்டு வந்தார். அந்தத் தமிழ் லயங்களில் தமிழில் பாடி ஓட்டுக் கேட்கப் போனவர்கள் பாவலரும் தம்பியும். ரோசம்மா வென்றார்.

ஆக, அந்தப் பையன் முதன்முதலில் பார்த்த கூட்டங்களில் நம்மைப் போன்ற தோட்டத்துச் சனமும் இருந்திருக்கிறது. நாங்கள் இதை வாசித்த இரவு ரொம்ப நேரம் பேசிக்கொண்டிருந்தோம். நம்ம பக்கம் இப்படி யாரும் இருக்கலயா? இருந்தார்கள். கோ. நடேசய்யருடைய மனைவி மீனாட்சி அம்மாள் 1930களிலும் 40களிலும் தோட்டத் தொழிலாளர் கூட்டங்களில் பாட்டெழுதிப் பாடியவர். பதுளைக்குப் பக்கத்தில் வெவெஸ்ஸ தோட்டத்தில் 1940-இல் பெரிய வேலைநிறுத்தம் நடந்திருக்கிறது. பாட்டும் இருந்தது, போராட்டமும் இருந்தது. ஆனா அந்தப் பாட்டுக்குப் பின்னால ஆர்மோனியம் தூக்கிட்டுப் போன தம்பி யாரு, அவன் பிறகு என்ன ஆனான்? யாரும் எழுதி வைக்கல.

சரி, மெட்ராஸ்.

1968-இல் ராசய்யாவும் தம்பியும் அண்ணன் பாஸ்கரும் சென்னைக்குப் போனார்கள். அம்மா வீட்டிலிருந்த ரேடியோவை நானூறு ரூபாய்க்கு விற்று அந்தக் காசைக் கொடுத்தார் என்பது அவர் அடிக்கடி சொல்கிற கதை. அந்த ரேடியோவில் என்ன கேட்டிருப்பார்கள் என்று நாம யோசிக்கவே தேவையில்லை. அந்தக் காலத்தில் தென் தமிழ்நாட்டில் சினிமாப்பாட்டு என்றாலே இலங்கை வானொலி. மயில்வாகனனுடைய குரல் கடலுக்கு இந்தப் பக்கம் கேட்டதைவிட அந்தப் பக்கம் அதிகம் கேட்டிருக்கும் என்று எங்க வீட்டுப் பெரியவங்க பெருமையாச் சொல்லுவாங்க.

சென்னையில் மயிலாப்பூர் சாய் லாட்ஜில் ஓர் அறை. அதில் தன்ராஜ் மாஸ்டர். மேற்கத்திய இசை கற்றுக்கொடுக்கிறவர். ஞானதேசிகன், ராசய்யா எல்லாம் போய் 'ராஜா' ஆனது அந்த அறையில்தான். அங்கேதான் பாக், பீத்தோவன், மொஸார்ட். அங்கேதான் ஐந்து கோட்டில் எழுதுகிற மேற்கத்திய இசைக்குறிப்பு. பிறகு லண்டன் டிரினிட்டி இசைக் கல்லூரியுடைய கிளாசிக்கல் கிட்டார் தேர்வை எழுதித் தங்கப் பதக்கம் வாங்கினார்.

இந்த இடத்தை வேகமாகத் தாண்டக்கூடாது என்பது எங்கள் கட்சி. எங்க நண்பன் கிட்டார் பழகுறதப் பக்கத்தில இருந்து பார்த்த பிறகுதான் இது புரிஞ்சது. ஆர்மோனியத்தில் வலது கை பாட்டைப் பின்தொடரும், இடது கை துருத்தியை இழுக்கும். பாட்டு ஒரே கோடாகப் போகும். கிட்டாரில் அப்படி இல்லை. இடது கை நாலு விரலையும் ஒரே நேரத்தில் நாலு இடத்தில் வைக்க வேண்டும். ஒரு கோர்டில் இருந்து அடுத்த கோர்டுக்குப் போகும்போது எந்த விரல் நகர்கிறது, எந்த விரல் அங்கேயே நிற்கிறது என்று கணக்குப் பார்த்தே ஆக வேண்டும். கிளாசிக்கல் கிட்டார் என்றால் இன்னும் மோசம். கட்டைவிரல் கீழே ஒரு பாட்டு வாசிக்கும், மற்ற விரல்கள் மேலே வேறொரு பாட்டு வாசிக்கும். ஒரே ஆள் இரண்டு பேராக யோசிக்க வேண்டும். அந்தப் பயிற்சி பல வருசம் கையில் ஏறினவன் பிறகு மெட்டுப் போடும்போது, மெட்டுக்குக் கீழே இன்னொரு மெட்டு தன்னால ஓடும். ராஜா பாட்டுகளில் பேஸ் கிட்டார் சும்மா தாளத்துக்குத் 'தும் தும்' என்று போகாமல் தனியாகக் கதை பேசுவதைக் கவனித்திருப்பீர்கள். அந்தக் கட்டைவிரலுடைய கதைதான் அது என்று நாங்கள் நினைக்கிறோம். இசை படித்தவர்கள் மறுத்தால் கேட்டுக்கொள்கிறோம்.

கூலிக்கு வருவோம். அறுபது, எழுபதுகளில் சினிமாப் பாட்டுப் பதிவு என்பது இன்றைய மாதிரி ஒவ்வொருவராக வந்து தனித்தனியாக வாசித்துவிட்டுப் போவதில்லை. வயலின்காரர்கள், தபலாக்காரர்கள், கிட்டார், புல்லாங்குழல், பாடுகிறவர் எல்லாரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்து, முதலிலிருந்து முடிவு வரை ஒரே மூச்சில் வாசிக்க வேண்டும். ஒருத்தர் பிசகினால் எல்லாரும் மறுபடி ஆரம்பத்திலிருந்து. கால்ஷீட் கணக்கில் சம்பளம். பேரு இல்லை, ரெக்கார்டு உறையில் இடம் இல்லை. கூப்பிட்டால் வேலை, கூப்பிடாவிட்டால் இல்லை.

பேர் போட்டால் சம்பளம், போடாவிட்டால் இல்லை என்பது தோட்டத்துப் பிள்ளைகளுக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டிய விசயமா? ஆயிரம் ரூபாய் நாள் சம்பளத்துக்கு எத்தனை வருசம் நின்றோம், 2021-இல்தான் அது வர்த்தமானிக்கு வந்தது. மழைக்கு அரைப்பேர் போட்ட கதை எல்லா வீட்டிலும் உண்டு. அந்த எட்டு வருசம் எங்களுக்குத் தேவைப்படுது என்று மேலே சொன்னது இதனால்தான். ஞானி என்று கும்பிட்டால் அவர் எங்கேயோ போய்விடுகிறார். கால்ஷீட்டுக்குக் காத்திருந்த கிட்டார்காரர் என்று பார்த்தால் பக்கத்துக் காம்பராவுக்கு வந்துவிடுகிறார்.

அப்படி அவர் வாசித்தவர்களில் ஒருவர் சலில் சௌத்ரி. வங்காளத்துக்காரர், அவரும் இடதுசாரி மேடைகளில் இருந்து வந்தவர். கோர்டு, ஹார்மனி எல்லாம் இந்திய சினிமாவில் பெரிதாகக் கையாண்டவர். இந்தக் கிட்டார்காரன் ஒருநாள் இந்தியாவின் பெரிய இசையமைப்பாளன் ஆவான் என்று அவர் அப்போதே சொன்னதாகச் சொல்வார்கள். பிறகு கன்னட இசையமைப்பாளர் ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளர். சுமார் இருநூறு படங்கள். அங்கே நடந்த ஒரு விசயம் எங்களுக்கு ரொம்பப் பிடித்தது. பதிவுக்கு நடுவில் வாத்தியக்காரர்களுக்கு ஓய்வு விடுகிற நேரத்தில், ராஜா தான் எழுதி வைத்திருந்த குறிப்புகளை அவர்களிடம் கொடுத்து வாசித்துக் காட்டச் சொல்வாராம். தேத்தண்ணி குடிக்கிற நேரத்தில் தன்னுடைய இசையை முதல் தடவை காதால் கேட்ட ஆள். தனக்கென்று ஓர் ஆர்க்கெஸ்ட்ரா வைக்கக் காசில்லாதவன் வேறு எப்படிக் கேட்பான்?

இந்த இடத்தில் ஒரு கிளைப்பாதை. மன்னிக்கணும், ஆனா இதை எழுதாம விட முடியாது.

ராஜா பிறந்த அதே 1943-இல், இரண்டு மாசம் கழித்து, ஆகஸ்ட் 3-ஆம் தேதி, நம்ம அப்புத்தளையில் ஒரு குழந்தை பிறந்தது. பெயர் கிளாரன்ஸ் விஜேவர்தன. ஆமா, கல்யாண வீட்டில் இரவு பதினொரு மணிக்கு மேல் தமிழ், சிங்களம் பார்க்காமல் எல்லாரும் ஆடுகிற அந்தப் பாட்டுகளின் கிளாரன்ஸ்தான். சிங்களப் பாட்டுக்குள் மின்சாரக் கிட்டாரைக் கொண்டுவந்தவர் என்று அவரைச் சொல்வார்கள். அறுபதுகளின் நடுவில் இரத்தினபுரியில் ஆன்ஸ்லி மாலவனவோடு சேர்ந்து 'மூன்ஸ்டோன்ஸ்' குழு. விஜய கொரயா இலங்கை வானொலியில் அவர்களைத் தூக்கிவிட்டார். 'மேங்கோ கலு நெந்தா' நாடு முழுக்க ஓடியது. பிறகு 'கோல்டன் சைம்ஸ்', 'சூப்பர் கோல்டன் சைம்ஸ்'. அவரும் கிட்டாரோடு நிற்கவில்லை. பாட்டெழுதினார், மெட்டுப் போட்டார், பாடினார், எச்.டி. பிரேமரத்னவின் 'சிகுருலியா' (1975), 'அபேக்ஷா' (1978) படங்களுக்கு இசையமைத்தார். 1996 டிசம்பரில், 53 வயதில் இறந்துவிட்டார்.

அப்புத்தளைக்கும் லுணுகலைக்கும் ஒரு பகல் பயணம்கூட இல்லை. ஒரே மாவட்டம். ஆனாலும் எங்களில் யாருக்கும் அவர் நம்ம மாவட்டத்துக்காரர் என்று தெரியாது. அவர் சிங்களவர், அவருடைய பாட்டு சிங்களம் என்பது மட்டுமா காரணம்? பள்ளிக்கூடத்தில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த ஊவா வரலாற்றில் 1818 கலகம் இருக்கிறது, கோப்பி இருக்கிறது, ரயில் பாதை இருக்கிறது. கிட்டார் இல்லை. சிங்களப் பாடசாலைப் பிள்ளைகளுக்கு மீனாட்சி அம்மாளைத் தெரியாத மாதிரியே எங்களுக்குக் கிளாரன்ஸைத் தெரியாது. மலை ஒன்று, பாடப்புத்தகம் இரண்டு.

தமிழிலும் அதே நேரத்தில் கிட்டார் வந்துவிட்டது. நித்தி கனகரத்தினம், ஏ.ஈ. மனோகரன் என்று பொப் பாட்டுக்காரர்கள் வந்தார்கள். மனோகரன் பாடிப் பிரபலமாக்கிய 'சுராங்கனி' கடலைத் தாண்டிப் போய் 1977-இல் 'அவர் எனக்கே சொந்தம்' படத்தில் இளையராஜா இசையில் மறுபடி வந்தது. இலங்கைத் தெருவில் கைதட்டிப் பாடின பைலாவை அவர் கையில் எடுத்தது அப்போதுதான். தாத்தா இதைக் கேட்டால், "நம்ம சாமான நமக்கே விக்கிறானுங்க" என்பார்.

'அன்னக்கிளி' 1976 மே மாசம் வந்தது. பஞ்சு அருணாசலம்தான் 'இளைய' என்று முன்னால் சேர்த்துப் பெயர் வைத்தார், ஏ.எம். ராஜாவோடு குழம்பாமல் இருக்க. கிராமத்துப் பாட்டு சினிமாவுக்கு வந்துவிட்டது என்று எல்லாரும் எழுதினார்கள். பாதிதான் உண்மை. கிராமத்து மெட்டு அதற்கு முன்னும் சினிமாவில் இருந்தது. புதுசு என்னவென்றால், அந்த மெட்டுக்குக் கீழே தன்ராஜ் மாஸ்டர் அறையில் படித்த கோர்டுகள் இருந்தன. நாற்று நடுகிற பாட்டும் டிரினிட்டி கல்லூரிப் பாடமும் ஒரே இடத்தில் உட்கார்ந்தன.

அந்தப் பாட்டுகள் இலங்கை வானொலியில் ஒலித்தபோது இங்கே என்ன நடந்துகொண்டிருந்தது? 1964 சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே. மிச்சம் 1,50,000 பேரை 1974-இல் பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். எழுபதுகள் முழுக்க பதுளையில் இருந்தும் பண்டாரவளையில் இருந்தும் சனம் கோச்சி ஏறி தலைமன்னார் போய்க் கப்பல் ஏறியது. ஒப்பாரிக் கோச்சி என்று பெரியவங்க சொல்வது அந்த ரயில்களைத்தான். எங்களில் ஒருத்தியின் அம்மாயி இங்கே நின்றுவிட்டார், அம்மாயியின் தங்கச்சி குடும்பத்தோடு கோத்தகிரிக்குப் போய்விட்டார். ரெண்டு பேரும் மறுபடி பார்க்கவே இல்லை. ஆனால் அம்மாயி சொல்வாராம்: 'அன்னக்கிளி' பாட்டு றேடியோவில் வந்தால், "இத அவளும் இப்ப கேப்பா"ன்னு. இலங்கை வானொலி நீலகிரியிலும் எடுத்ததால் அது வெறும் ஆசை இல்லை, நிஜமாகவே நடந்திருக்கலாம்.

எண்பதுகள் கிட்டாரின் காலம். 1980-இல் 'மூடுபனி', ராஜாவுடைய நூறாவது படம். பிரதாப் போத்தன் கையில் கிட்டாரை வைத்துக்கொண்டு பாடுகிற காட்சி, ஜேசுதாஸ் குரல். இயக்கியவர் பாலு மகேந்திரா. லுணுகலை வழியாக பிபிலை தாண்டிக் கீழே இறங்குகிற எங்க ரோடு செங்கலடியில் போய் முடிகிறது. அங்கிருந்து கொஞ்சம் தெற்கே போனால் மட்டக்களப்பு, அமிர்தகழி. பாலு மகேந்திரா பிறந்த ஊர் அது. இந்தத் தகவலைக் கண்டுபிடித்தபோது எங்க கூட்டத்தில் பெரிய கொண்டாட்டம், ஏதோ எங்க ரோடுதான் படத்தை எடுத்த மாதிரி. 1982-இல் 'பயணங்கள் முடிவதில்லை'. 1983-இல் மணிரத்னத்தின் முதல் படம், கன்னடத்தில் 'பல்லவி அனுபல்லவி'. அதன் தீம் இசை பல வருசம் கழித்துக் கைபேசி விளம்பரம் வழியாக இந்தியா முழுக்கப் போனது.

'பயணங்கள் முடிவதில்லை' படத்தில் நிலாவைப் பற்றிய பாட்டு ஒன்று இருக்கிறதல்லவா? கிட்டார் பழகுகிற எல்லாத் தமிழ்ப் பிள்ளைகளும் முதல் மாசத்திலேயே வாசிக்க முயன்று தோற்கிற பாட்டு. அந்தக் கிட்டாரை வாசித்தவர் ஆர். சந்திரசேகர். அவர் பெயரை இதற்கு முன் கேட்டிருக்கிறீர்களா? நாங்கள் கேட்டதில்லை. சதா மாஸ்டர், பேஸ் கிட்டார் சசிதரன் போன்றவர்களுடைய பெயர்களும் அப்படித்தான். கேசட் உறையில் இசை, பாடல், பாடியவர் இருக்கும். வாசித்தவர் இருக்க மாட்டார். எட்டு வருசம் பெயரில்லாமல் வாசித்த ஒரு கிட்டார்காரர் பெரிய ஆள் ஆன பிறகும், அவருடைய கேசட்டுகளில் கிட்டார்காரர்களுக்குப் பெயர் இல்லை. தொழிலே அப்படித்தான் இருந்தது, தெரியும். கேசட் போட்டவன் கம்பனிக்காரன், அதுவும் தெரியும். ஆனாலும் உறுத்துகிறது. 2017-இல் தன் பாட்டை அனுமதியில்லாமல் மேடையில் பாடக்கூடாது என்று எஸ்.பி. பாலசுப்ரமணியத்துக்கே வக்கீல் நோட்டீஸ் போனது. உழைத்தவனுக்கு உரிமை என்ற வாதத்தை நாங்கள் முழுசாக ஏற்கிறோம். தொழிற்சங்கத்து வீட்டுப் பிள்ளைகள் வேற எப்படி? அந்த உரிமை ஸ்டூடியோவில் பின்வரிசை நாற்காலி வரைக்கும் போகணும் என்பதுதான் எங்கள் கேள்வி.

மற்றக் கலைகள் பற்றிச் சொல்லாமல் விட்டால் கட்டுரை பாதிதான். கிட்டார்காரர் இசையமைப்பாளர் ஆனது எல்லாருக்கும் தெரியும். எழுத்தாளர் ஆனது பலருக்குத் தெரியாது. 1985-இல் 'இதய கோவில்' படத்துக்குத் தானே ஒரு பாட்டு எழுதினார், அது பெரிய ஹிட். 'சங்கீதக் கனவுகள்' என்ற புத்தகம் ஐரோப்பியப் பயணம் பற்றியது. 'வெட்டவெளிதனில் கொட்டிக்கிடக்குது', 'பால் நிலாப் பாதை' என்று வேறு புத்தகங்கள். வெண்பா எழுதுகிறார், அதுவும் இலக்கணம் தட்டாமல். கேமரா தூக்கிக்கொண்டு போய்ப் படம் எடுக்கிறார்.

நேர்மையாகச் சொன்னால், வெண்பாக்கள் எங்களுக்கு ஒட்டவில்லை. ஆன்மீகம் அதிகம், பண்ணைப்புரம் குறைவு. தேவிகுளத்து லயத்தில் பாடின பையனை அதில் தேடினோம், கிடைக்கவில்லை. பயணக் கட்டுரை வேற மாதிரி. பெரிய இசை மேதைகளுடைய ஊர்களில் போய் நிற்கிற ஒரு கிராமத்து ஆளுடைய ஆச்சரியம் அதில் மறைக்கப்படவில்லை. பட்டம் இல்லாமல் எழுதியிருக்கிறார்.

1986-இல் 'ஹவ் டு நேம் இட்', தியாகராஜருக்கும் பாக்குக்கும் காணிக்கை. 1988-இல் ஹரிபிரசாத் சௌரசியாவுடைய புல்லாங்குழலோடு 'நத்திங் பட் விண்ட்'. 2005-இல் புடாபெஸ்ட் சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ராவோடு திருவாசகம். 2025 மார்ச் 8-ஆம் தேதி லண்டனில் ராயல் ஃபில்ஹார்மோனிக் ஆர்க்கெஸ்ட்ரா அவருடைய 'வேலியன்ட்' சிம்பொனியை வாசித்தது. 81 வயது. டிரினிட்டி தேர்வு எழுதின அதே ஐந்து கோட்டில் எழுதினதுதான் இதுவும். இன்றும் ராஜா வாத்தியம் எதுவும் பக்கத்தில் இல்லாமல், வெறும் தாளில், எல்லா வாத்தியத்துக்கும் நேரடியாகக் குறிப்பெழுதுகிறவர். நிகழ்ச்சித் துண்டுகளைக் கம்பஸ் விடுதியில் ஒரே போனைச் சுற்றி ஆறு பேர் உட்கார்ந்து பார்த்தோம். டேட்டா பாதியில் தீர்ந்துவிட்டது.

ஒரு விசயத்தைத் தவிர்த்துவிட்டுப் போகலாம் என்று எங்களில் ரெண்டு பேர் சொன்னார்கள். மற்றவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. 2022 ஏப்ரலில் ஒரு புத்தகத்துக்கு எழுதிய முன்னுரையில் அம்பேத்கரையும் மோடியையும் ஒப்பிட்டார். ஜூலையில் நியமன மாநிலங்களவை உறுப்பினர் ஆனார். சிவப்புக் கொடிக்குக் கீழே பாடின பாவலருடைய தம்பி. தலித் என்று தன்னை யாரும் அடையாளம் காட்டுவதை அவர் விரும்பியதில்லை. அது அவருடைய உரிமை, வெளியிலிருந்து ஒட்டுகிற பெயர் எவ்வளவு கனம் என்று 'கள்ளத்தோணி', 'தோட்டக்காட்டான்' என்று கேட்டு வளர்ந்த எங்களுக்குத் தெரியும். ஆனால் முன்னுரை எழுதியது அவருடைய கை. அந்த வரிகளோடு எங்களுக்கு உடன்பாடு இல்லை. தாத்தாவிடம் இதைச் சொன்னோம். "பாட்டுக்காரன்கிட்ட பாட்டக் கேளு" என்றார். எங்களால் அப்படி முடியவில்லை, ஆனா பாட்டு கேக்கிறதையும் நிறுத்தல.

நண்பனுடைய கிட்டார் இப்ப எப்படிப் போகுது என்று கேட்பீர்கள். எஃப் கோர்டு இன்னும் வரல. ஆள்காட்டி விரல் ஆறு கம்பியையும் ஒரே அமுக்கா அமுக்கணும், அது முடியல, ரெண்டு கம்பி மக்கர் பண்ணுது. மாசி மாசம் காமன் கூத்துக்கு வீட்டுக்குப் போனபோது கிட்டாரையும் கொண்டுபோனோம். தாத்தா தப்பை நெருப்பில் காய்ச்சிக் காய்ச்சித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். இவன் பக்கத்தில் உட்கார்ந்து போனில் ஒரு ஆப்பைப் போட்டு ஒவ்வொரு கம்பியாகச் சுருதி சேர்த்தான். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்த தாத்தா, "மூணாவது கம்பி இன்னும் இறங்கியிருக்கு" என்றார். ஆப் பச்சை காட்டியது. இவன் போனையும் தாத்தாவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, மூணாவது கம்பியை ஒரு துளி முறுக்கினான்.